வேற மலையாளி

28 ஜூலை 2025, திங்கள்

கம்பெனிக்காரர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை இன்று முழுதாகப் படித்துவிட்டேன். பதினாறு பக்கம். பெங்களூரு ரிசார்ட் கம்பெனி ஒன்று எங்கள் லாட்ஜை இருபது வருஷக் குத்தகைக்குக் கேட்கிறது. பதினொன்றாம் பக்கத்தில் அப்பா வருகிறார். பெயர் போடவில்லை. "தற்போது வசிக்கும் குடும்பத்தினர் விரும்பினால் பராமரிப்புப் பணியாளர்களாகத் தொடரலாம். சீருடை வழங்கப்படும்."

பட்டா எங்கள் பேரில். ஆனாலும் நாங்கள் 'வசிக்கும் குடும்பத்தினர்'.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆறடி உயரம், பெயர் குள்ளன். விறகு பிளப்பதை நிறுத்தாமலே கேட்டார். கூரை ஒழுகுது, ஆள் வர்றதில்ல, உங்கம்மாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு, நீயும் ஓசூருக்குத் திரும்பிப் போயிடுவ, நான் யாருக்காக இத வெச்சுக்கிட்டு அல்லாடணும் என்றார். நான்கு காரணமும் உண்மை. அதுதான் எரிச்சல்.

ஆவணி முடிவதற்குள் கையெழுத்து வேண்டும் என்று கம்பெனியின் ஆள் சந்திரமோகன் கெடு வைத்திருக்கிறார். அண்ணன் சிலம்பரசன் ஏற்கெனவே அவர்கள் பக்கம். இப்போது அரூருக்கும் மலைக்கும் பிக்கப் ஓட்டுகிறான். கம்பெனியில் டிரைவர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓசூரில் மேனேஜரோடு சண்டை போட்டு, ஓட்டல் வேலையை உதறிவிட்டு வந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. இதில் பேச எனக்கு வாய் இருக்கிறதா?

இருக்கிறது.

31 ஜூலை, வியாழன்

மழை. மூன்றாம் அறையில் இரண்டு வாளி.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காரிலிருந்து இறங்கிய மனிதர் கொல்லையில் பனியனோடு விறகு பிளந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "ஓனரக் கூப்பிடுப்பா" என்றார்.

"தோ வரச் சொல்றேங்க" என்று அப்பா உள்ளே போனார். வெள்ளைச் சட்டை போட்டார். தலை வாரினார். முன்வாசல் வழியாக வெளியே வந்து, "வாங்க வாங்க, பயணமெல்லாம் சவுகரியமா?" என்றார். அந்த மனிதர் கைகுலுக்கினார்.

என் நினைவு தெரிந்த நாளாக இந்த நாடகம் நடக்கிறது. மூன்று நிமிஷ இடைவெளி, அதே ஆறடி ஆள். இதுவரை ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. ஏனென்றால் முதல் தடவை யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

இது அடிமைப் புத்தி என்றேன். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "வெறகு வெட்றவன்கிட்ட நெசத்தப் பேசுவாங்க. ஓனர்கிட்ட, ஆகா ரொம்ப நல்லாருக்குதுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்கு ரெண்டும் வேணும்" என்றார்.

நல்ல சால்ஜாப்பு.

இந்த வீடு யாருடையது என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஹாட்ஜ்சன் என்று ஒரு துரை காப்பித் தோட்டம் போட்டுக் கட்டிய பங்களா. ஊர் வாயில் ஹாட்ஜ்சன் நிற்கவில்லை, அச்சன் ஆகிவிட்டார். போகும்போது தன் சமையல்காரருக்கு வீட்டை எழுதிக்கொடுத்தார். அந்தச் சமையல்காரர் என் பூட்டன். அவர் பிள்ளை காலத்தில் இது லாட்ஜ் ஆனது. இன்றும் கீழேயிருந்து வரும் அதிகாரிகள் எங்களை வாட்ச்மேன் குடும்பம் என்றே நினைக்கிறார்கள். மலைக்காரனுக்குப் பங்களா இருந்தால் அது திருடியதாக இருக்க வேண்டும், அல்லது காவல் காப்பதாக இருக்க வேண்டும்.

சேலம் குடும்பம் விருந்தினர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனது: 'காலம் நின்றுபோன இடம்.' ஹால் கடிகாரம் நின்று பதினாறு வருஷம் ஆகிறது. அதைச் சொல்கிறார்களோ என்னவோ.

4 ஆகஸ்ட், திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். ஒன்றை மறைத்திருக்கிறேன்.

காலையில் ஐந்தரைக்கு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பனி படியேறி வந்து பிரம்பு நாற்காலிவரைக்கும் நின்றது. அம்மா செம்புத் தவலையின் கீழே தீ மூட்டியிருந்தாள். புகையில் நீலகிரித் தழை வாசம். ஓடையைத் தாண்டி நாலைந்து காட்டெருமை, கன்றோடு. ஆறு அறையிலும் தரைப் பலகைக்கு ஆறு விதமான சத்தம் உண்டு. யார் எழுந்துவிட்டார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். டி.வி. கிடையாது, லிப்ட் கிடையாது, போனுக்கு வாசல் கேட் பக்கம் மட்டும் சிக்னல். இதைத்தான் நகரத்துக்காரர்கள் 'அமைதி' என்கிறார்கள்.

ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்?

9 ஆகஸ்ட், சனி

அப்பாவோடு பந்தயம். ஆவணி முடிவதற்குள் ஒரே ஒரு தடவை ஆறு அறையையும் சேர்த்து நிரப்பிக் காட்டுகிறேன். நிரம்பினால் கையெழுத்து இல்லை. நிரம்பாவிட்டால் நானே பேனா எடுத்துக் கொடுக்கிறேன்.

அப்பா சரி என்றார். அண்ணன் சிரித்தான். "தீவாளிக்கே நாலு ரூம்தான் போச்சு. ஆவணில எவன் வருவான், கரடியா?"

10 ஆகஸ்ட், ஞாயிறு

லாட்ஜை ஆன்லைனில் ஏற்றிவிட்டேன். கேட் மேல் ஏறி உட்கார்ந்து, மூன்று மணி நேரம். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரையே போட்டேன்: அச்சன் பங்களா. அதன் கீழே: 'மலையாளிக் குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்தும் காட்டு விடுதி. வீட்டு மலையாளிச் சாப்பாடு.'

"மலைவாசின்னு போட்டுரேன் புள்ள, எல்லாருக்கும் புரியும்" என்றார் அப்பா. மாட்டேன் என்றேன். எங்கள் சாதிச் சான்றிதழில் மலையாளி என்றுதான் இருக்கிறது. எனக்கு ஒரு பெயர் இருக்கும்போது இன்னொருவன் வசதிக்காக எதற்கு மலைவாசி ஆக வேண்டும்? விளக்கமும் எழுத மாட்டேன். வேண்டுமென்றால் வந்து தெரிந்துகொள்ளட்டும்.

சாப்பாட்டு விஷயத்திலும் சண்டை போட்டேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் விருந்தினருக்குக் கட்லெட், சூப், கஸ்டர்டு. துரை காலத்துப் பட்டியல். நாங்கள் சாப்பிடும் சாமைச் சோறும் களியும் பின்கட்டைத் தாண்டி முன்னால் வந்ததே இல்லை. வந்தால் லாட்ஜின் மதிப்பு போய்விடுமாம். இனிமேல் வரும். அம்மா ராமக்கா கஸ்டர்டு பவுடர் டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள்.

14 ஆகஸ்ட், வியாழன்

கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியரும் இன்னொருவரும் அளக்க வந்தார்கள். அப்பா பனியனோடு போய் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம்வரை அவர்கள் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டே அளந்தார்கள்; அவர் சொந்த வீட்டைச் சுற்றி அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் குனிந்து நின்றார். கடைசிவரை உள்ளே போய்ச் சட்டை மாற்றவே இல்லை.

நான் அவரோடு இன்று பேசவில்லை.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஆறு அறை! செப்டம்பர் 4 முதல் 7 வரை, ஆறும், ஒரே குழு. பெங்களூரிலிருந்து இருபத்திரண்டு பேர்.

போனை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். அண்ணனிடம் நீட்டினார். கரடி எதுவும் புக் பண்ணியிருக்கிறதா பார் என்றேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

இதை எப்படி எழுதுவது?

குழுவின் தலைவி கூப்பிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்களாம். பாதித் தமிழ், பாதி மலையாளம். அச்சன் பங்களா என்று பெயரைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டதாம். அவர்கள் மொழியில் அச்சன் என்றால் அப்பா. தமிழ்நாட்டுக் காட்டுக்குள் ஒரு மலையாளிக் குடும்பம், அதுவும் மூன்று தலைமுறையாக! பிறகு கேட்டார்: "மோளே, திருவோணத்தன்னைக்கு சத்யாவில எத்தன கூட்டான் உண்டு? பாலடை உண்டா, பருப்புப் பாயசமா?" ஓண விருந்தில் எத்தனை கறி என்கிறார்.

எனக்குக் காலடியில் கேட் ஆடியது.

அரூர் பஸ் ஸ்டாண்டில் மலையாளி என்றால் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும், சித்தேரி மலையிலிருந்து வந்த ஆள் என்று. தர்மபுரி தாண்டினால் அந்தச் சொல் கேரளாவுக்குப் போய்விடுகிறது. ஓசூரில் என் சான்றிதழைப் பார்த்த மேனேஜர், "கேரளாவா? தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்றான். அவனுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தவள் நான். நானே இதைச் செய்திருக்கிறேன். திமிர்.

சரி, டீச்சருக்கு என்ன பதில் சொன்னேன்?

"எல்லாம் இருக்குங்க" என்றேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

பொய் சொன்னது நான்தான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ரத்து செய்வார்கள். ரத்தானால் பந்தயம் போச்சு, வீடு போச்சு, அப்பா தலைப்பாகையோ தொப்பியோ எதையோ மாட்டிக்கொண்டு நிற்பார். இருபத்திரண்டு பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அதற்காக இருபது வருஷத்தைக் கொடுப்பதா?

இப்படித்தான் எல்லாரும் கணக்குப் போட்டுக்கொள்வார்கள் போல.

27 ஆகஸ்ட், புதன்

விநாயகர் சதுர்த்தி. அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவன் திட்டவில்லை, உற்சாகமாகிவிட்டான். சேலத்தில் ஒரு கேட்டரிங்காரர் ஓண சத்யா செய்கிறாராம். விடியக்காலையில் பிக்கப்பில் ஏற்றி வந்து, அம்மா செய்த மாதிரி இலையில் வைத்துவிடலாம். "அம்மாவுக்கு ஒரு கேரளாச் செட்டு முண்டு வாங்கிக் கட்டிவுட்டுட்டா போதும், யாருக்குத் தெரியும்?"

எனக்கு இன்ஜினியரின் டேப் ஞாபகம் வந்தது. அவர்கள் அப்பாவுக்குச் சீருடை மாட்டுகிறார்கள். நான் அம்மாவுக்குச் செட்டு முண்டு. துணிதான் வேறு.

28 ஆகஸ்ட், வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்த பிறகுதான் பேசினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் இடுக்கியில் மிளகு பறிக்கப் போயிருந்தாளாம். எனக்கு இது தெரியவே தெரியாது. அங்கே எஸ்டேட்டில் ஓணத்துக்குச் சத்யா போட்டார்களாம். முதலாளி குடும்பம், கணக்குப்பிள்ளைகள், உள்ளூர்க்காரர்கள் எல்லாம் முடிந்து, கடைசிப் பந்தியில், ஷெட்டுக்குப் பின்னால் இவர்களுக்கு. "ஓலன், காளன், எரிசேரி எல்லாம் எனக்குத் தெரியும். வாயில இன்னும் ருசி இருக்குது."

அப்படியானால் நீயே செய்துவிடு என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

"அவங்க சாப்பாட்ட நான் ஆக்கினா அவங்களவிட மட்டமாத்தான் ஆக்குவேன். என் சாப்பாட்ட அவங்களால ஆக்க முடியுமா? போய் போனப் போட்டு உள்ளதச் சொல்லு."

29 ஆகஸ்ட், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"டீச்சர், நாங்க மலையாளிதான். ஆனா வேற மலையாளி. மலையில இருக்கறதால மலையாளி. எங்களுக்கு ஓணம் கிடையாது. அன்னிக்கு எல்லாம் இருக்குன்னு சொன்னது பொய்."

சிக்னல் போய்விட்டதோ என்று கேட்டில் இன்னும் ஒரு கம்பி மேலே ஏறினேன். "அப்போ அச்சன்?" என்றார். துரை பேர் என்றேன். ஆலோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

30 ஆகஸ்ட், சனி

நாலு அறை ரத்து. இரண்டு நிற்கிறது. ஏழு பேர் வருகிறார்கள், டீச்சரும் உண்டு. ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். பொய் சொல்லிவிட்டுத் தானாகவே போன் செய்து ஒப்புக்கொண்ட பிள்ளையை முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் பார்த்ததில்லையாம். பார்க்க வேண்டுமாம்.

பந்தயம் போனது. அப்பாவிடம் சொன்னேன். "வர்ற ஏழு பேருக்கு மூணாம் ரூம் குடுக்காத, ஒழுகும்" என்றார். அவ்வளவுதான்.

4 செப்டம்பர், வியாழன்

வந்துவிட்டார்கள். வந்ததும் வராததுமாக ஒரு சம்பவம்.

அப்பா வழக்கப்படி கொல்லையில் இருந்தார். டீச்சர் இறங்கி, "ஓனர் இல்லையா?" என்றார். அப்பா உள்ளே போனார். சட்டை, சீப்பு, முன்வாசல். "வாங்க வாங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டார். "நீங்கதானே இப்போ அங்க விறகு வெட்டிட்டிருந்தது?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிக்கப்புக்குப் பின்னால் போய்விட்டான். அங்கேயிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்கூல்ல நாப்பத்தஞ்சு பிள்ளைங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தவ நான்" என்றார் டீச்சர். "சட்டை மாத்தினா ஆள் மாறிடுமா?"

எத்தனை வருஷ நாடகம், மூன்றே நிமிஷத்தில் முடிந்தது. அப்பா காது சிவந்து நான் பார்த்தது இன்றுதான்.

5 செப்டம்பர், வெள்ளி

திருவோணம். இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

காலை ஆறு மணிக்கே டீச்சர் சமையல்கட்டுக்குள் வந்துவிட்டார். விருந்தினர் இந்த வீட்டுச் சமையல்கட்டில் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. சத்யா வேண்டாம், ஒரு பாயசமாவது நான் வைக்கிறேன் என்றார். தேங்காய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அம்மா மூன்றைக் காட்டினாள்.

"மூணு தேங்காயில ஓணமா?"

"மூணு தேங்கா எங்களுக்கு மூணு வாரத்துக்குங்க."

"அப்போ குழம்புல என்ன போடுவீங்க?"

"கொழம்பத்தான் போடுவோம்."

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எப்படிச் சமாதானம் ஆனதென்று தெரியவில்லை. நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் டீச்சர் அம்மியில் உட்கார்ந்து மிளகு அரைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் புடவையை முழங்கால் வரை ஏற்றிச் செருகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இடுக்கியில் எந்த எஸ்டேட் என்று டீச்சர் கேட்டது காதில் விழுந்தது. அம்மா பெயர் சொன்னாள். கடைசிப் பந்தி, ஷெட்டுக்குப் பின்னால் என்பதையும் அவள் போக்கில் சொல்லிவிட்டாள்.

மற்ற ஆறு பேரும் வராந்தாவில் பூக்கோலம் போட்டார்கள். செண்டுமல்லியும் அவர்கள் கொண்டு வந்த வாடாமல்லியும் போதாமல், அண்ணன் ஓடைக்கரையிலிருந்து பெயர் தெரியாத மஞ்சள் பூவை ஒரு கூடை பறித்துக் கொண்டு வந்தான். செட்டு முண்டு யோசனை சொன்ன ஆள்.

மத்தியானம் இலை போட்டோம். சாமைச் சோறு. கொள்ளுச் சாறு. பண்ணைக்கீரைக் கடைசல். மொச்சையும் பலாக்கொட்டையும் போட்ட பொரியல். காந்தாரி மிளகாய்த் துவையல். உள்ளங்கை அளவு களி உருண்டை. கடைசியில் டீச்சர் சாமையிலேயே வெல்லம் போட்டு வைத்த பாயசம். மூன்று தேங்காயும் அதற்கே போனது.

டீச்சர் உட்காரவில்லை. ஒரு இலையைக் கூடுதலாகப் போட்டு, அதன் எதிரே போய் நின்றுகொண்டார். "ராமக்கா, நீங்க முதல் பந்தியில உட்காரணும். நான் பரிமாறுவேன். இல்லேன்னா நான் சாப்பிட மாட்டேன்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். அவள் கூச்சப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை. முதல் வாய் பாயசத்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "ஏலக்கா கொஞ்சம் தூக்கலாப் போச்சுங்க டீச்சர்" என்றாள்.

நான் உள்ளே வந்துவிட்டேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

போய்விட்டார்கள். டீச்சர் ஆன்லைனில் எழுதியிருக்கிறார், கேட்டிலேயே நின்று: 'இவர்கள் வேறு மலையாளிகள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள். தேங்காய் கொண்டு போங்கள்.'

8 செப்டம்பர், திங்கள்

ஒப்பந்தத்தையும் பேனாவையும் எடுத்துப்போய் அப்பா முன்னால் வைத்தேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆறு அறை நிரம்பவில்லை.

அப்பா பேனாவைத் தொடவில்லை. அப்புறம்தான் சொன்னார். டேப் பிடித்த அன்றைக்கு நடந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் சிக்கமகளூர் எஸ்டேட்டில் இருந்தவர். கன்னடம் தண்ணீர் மாதிரி. அந்த இரண்டு பேரும் அவரை வைத்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள்: பின்கட்டை இடித்தால் நீச்சல் குளத்துக்குச் சரியாக இருக்கும். இந்தக் குடும்பத்தை ஒரு வருஷம் வைத்துக்கொண்டு கீழே அனுப்பிவிடலாம். இந்த நெட்டையனை மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தலைப்பாகை கட்டி கேட்டில் நிறுத்தினால் போட்டோவுக்கு நன்றாக இருப்பான்.

"வெறகு வெட்றவன்கிட்ட நெசத்தப் பேசுவாங்கன்னு சொன்னேன் இல்ல" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூணு வாரமா? மூணு வாரமா இத வயித்துல வெச்சுக்கிட்டு என்னை கேட் மேல ஏறி இறங்க வெச்சியா? பந்தயம் எதுக்கு, பொய் சொல்லிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்தேனே அது எதுக்கு?

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், குடுக்கறதில்லன்னு. ஆனா அன்னிக்குச் சொல்லியிருந்தா நீ கோவத்துல இங்கியே தங்கிடுவ. கோவம் ஆறினதும் போயிடுவ. அப்புறம் நானும் உங்கம்மாவும் என்னா பண்றது?"

"இப்ப மட்டும் எதுக்குச் சொல்ற?"

"இப்ப உனக்கு அசதியா இருக்குது. இப்ப சொன்னாக் காது கேக்கும்."

என்னை இவ்வளவு சரியாக எடை போட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அது பிடிக்கவும் இல்லை. அசதியோடே என் நிபந்தனைகளைச் சொன்னேன். அறைகளும் முன்பதிவும் என் கையில். கேட்டில் குடும்பத்தின் பெயரோடு பலகை. சமையலுக்கு அம்மாவோடு பக்கத்து வீட்டு பாஞ்சாலி அக்கா, சம்பளத்துக்கு. இனிமேல் சட்டை மாற்றும் நாடகம் கூடாது.

முதல் மூன்றுக்கும் தலையாட்டினார். "சட்டை என் இஷ்டம்" என்றார்.

14 செப்டம்பர், ஞாயிறு

சந்திரமோகன் வந்தார், அதே இன்ஜினியரோடு. பின்கட்டு மேடையில் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குத்தகைக்கு விருப்பமில்லைங்க என்றார். சந்திரமோகன் எங்கள் நன்மைக்காக ரொம்ப நேரம் பேசினார்: இவ்வளவு பெரிய இடத்தை உங்களால் கட்டிக் காக்க முடியுமா, படிச்ச பொண்ணு இங்கே எத்தனை நாளைக்கு இருப்பாள், இத்யாதி. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் பக்கம் பார்க்காமலே கையை உயர்த்தினார்.

பிறகு இன்ஜினியரைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக: "ஊட்டா மாட்கொண்டு ஹோகி, சார்." சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அந்த ஆள் அப்பாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். முகத்தை, உயரத்தை, கையை. அவர் கண் பின்கட்டுப் பக்கம் ஓடித் திரும்பியது. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது யார் என்று புரிந்துவிட்டது.

சாப்பிடாமல் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அதில்தான் வருத்தம். இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வைத்திருந்தாள்.

அண்ணன் சாயங்காலம்வரை பிக்கப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். டிரைவர் வேலை போன வருத்தம். நியாயம்தான். விருந்தினரை அரூரிலிருந்து ஏற்றி வருவதை இனி நீ பார் என்றேன். "உன்கிட்ட வேலை செய்யணுமா?" என்றான். ஆமாம் என்றேன்.

2 அக்டோபர், வியாழன்

ஓசூரிலிருந்து போன். அந்த மேனேஜரைத் தூக்கிவிட்டார்களாம். சூப்பர்வைசர் பதவி, திங்கள்கிழமையே வந்து சேரலாம். நல்ல வேலை. எனக்குப் பிடித்த வேலை.

ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். கோபம் இருக்கிறதா என்று என்னையே தேடிப் பார்க்கிறேன். இருக்கிறது, ஆனால் இந்த வீட்டின் மேல் இல்லை.

3 அக்டோபர், வெள்ளி

வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் அறைக்கு ஓடு மாற்ற ஆள் வந்திருக்கிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

21 அக்டோபர், செவ்வாய்

ஆறு அறை. டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு வந்தவர்கள். மூன்று குடும்பம் தேங்காயோடு வந்தது.

16 ஜனவரி 2026, வெள்ளி

மாட்டுப் பொங்கல். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சாதாரணமாகச் சொன்னாள், வெள்ளிக்கிழமை எருதாட்டம் பார்க்கப் போகிறேன் என்று. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு தடவைகூடப் போனதில்லையாம். பொங்கல் லீவில் லாட்ஜில் கூட்டம் இருக்கும். கூட்டம் இருந்தால் அம்மா அடுப்படியில் இருப்பாள். எருதின் சலங்கைச் சத்தம் மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்குமாம்.

எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. ஆறு அறையும் கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பாஞ்சாலி அக்காவை வைத்துச் சமாளிக்கலாமா என்று யோசித்தேன். அவளும் எருதாட்டத்துக்குத்தான் போகிறாள் என்பது அப்புறம் உறைத்தது. எல்லோருக்கும் அறை இல்லை என்று சொன்னேன். இந்த வீடு லாட்ஜ் ஆனதிலிருந்து பண்டிகை நாளில் மூடியது இதுவே முதல் தடவை.

காலை பத்து மணிக்கு அப்பா கேட்டைப் பூட்டினார். சங்கிலி வாங்கி வந்தது நேற்றுத்தான். அண்ணன் மாட்டுக்குக் கொம்புச் சாயம் வாங்கி முன்னாலேயே போய்விட்டான். நாங்கள் ஓடைப் பாதையில் இறங்கும்போது ஒரு கார் மேலேறி வந்து கேட் முன்னால் நின்றது. ஹாரன் அடித்தார்கள். கண்ணாடியை இறக்கி ஒருவர், இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ஒரு ரூம்கூடவா இல்லை என்றார்.

"இன்னிக்கு லீவுங்க" என்றார் அப்பா. "நாளைக்கு வாங்க."

"நாளைக்கா? நாங்க சேலத்துலேருந்து வர்றோங்க."

"நாங்களும் ஊருக்குத்தாங்க போறோம்."

கார் திரும்பும்வரை அப்பா ஓரமாக நின்று, பின்சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் கை காட்டி வழிவிட்டார். அதற்குள் அம்மா வெகு தூரம் போய்விட்டிருந்தாள். முட்டி வலி என்று மாடிப்படி ஏறாதவள். மெதுவாப் போம்மா என்று கத்தினேன். காதில் விழுந்திருக்கும். நிற்கவில்லை.